மெய்நிகர்க் கணினிக்குள் யூஎஸ்பி கருவி அறுந்துகொண்டே இருந்தால் எங்கே தேடுவது?

விண்டோஸ் மடிக்கணினி, அதன்மேல் மெய்நிகர்க் கணினிகளை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் உபுண்டு லினக்ஸ். மின்னணுவியல் படிக்கிற பலரிடம் இருக்கும் அமைப்பு இதுதான். உபுண்டுவுக்குள், நிரல் ஏற்றி ஓட்டும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ போர்டைக் கொண்டுவந்தால் சில நொடிகள் தெரிகிறது. அப்லோடு அழுத்தியதும் காணாமல் போகிறது. சில சமயம் திரையே உறைந்து நிற்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள், இல்லையென்றால் உபுண்டுவையே புதிதாகப் போடுவார்கள். அரை நாள் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஏதாவது ஒன்றை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இணைப்பு எந்த அடுக்கில் அறுகிறது என்பது. கேபிளும் மின்சாரமும் ஓர் அடுக்கு. அடிப்படைக் கணினியான ஹோஸ்ட் இரண்டாவது. விர்ச்சுவல்பாக்ஸ் மூன்றாவது. உள்ளே ஓடும் கெஸ்ட் நான்காவது. உண்மையான யூஎஸ்பி துளை எப்போதும் விண்டோஸின் கையில்தான் இருக்கிறது. மெய்நிகர்க் கணினிச் சாளரத்தின் டிவைசஸ் மெனுவில் நீங்கள் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்ததும், விண்டோஸ் போட்ட டிரைவரை ஒதுக்கிவிட்டு விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் அந்த இடத்தில் உட்கார்கிறது. கெஸ்ட் பேசுவது மென்பொருளால் ஆன ஒரு போலி கன்ட்ரோலரிடம். அந்தப் பேச்சை வாங்கி வெளியே அனுப்பி, பதிலை உள்ளே கொண்டுவருவது விர்ச்சுவல்பாக்ஸின் வேலை. ஆகவே உபுண்டு “கருவி துண்டிக்கப்பட்டது” என்று சொன்னால், கீழே உள்ள மூன்று அடுக்குகளில் யார் வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம்.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. கீழே வரும் எல்எஸ்யூஎஸ்பி, டிஎம்இஎஸ்ஜி போன்ற பெயர்களை எழுத்து எழுத்தாகப் படித்து, அதே வரிசையில் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடுங்கள்.

முதல் படி: மெய்நிகர்க் கணினியை ஆட்டத்திலிருந்து விலக்குங்கள்

கெஸ்ட்டை முழுதாக நிறுத்துங்கள். கருவியை ஹோஸ்ட்டில் நேரடியாகப் பயன்படுத்திப் பாருங்கள். ஆர்டுயினோ என்றால் விண்டோஸிலேயே, நிரல் எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ நிறுவி, எல்ஈடி மினுக்கும் பிளிங்க் நிரலை ஏற்றிப் பாருங்கள். பென் டிரைவ் என்றால் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். இங்கேயும் அறுந்தால் கோளாறு மெய்நிகர்க் கணினியில் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்புகளைத் தொடவே வேண்டாம், நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

விண்டோஸ் டிரைவர்மேல் சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. உபுண்டு லைவ் பென் டிரைவில் அதே கணினியை பூட் செய்து, அதே துளையில் அதே கேபிளால் இணைத்துப் பாருங்கள். நிறுவத் தேவையில்லை, முயன்று பார்க்கும் தேர்வே போதும். அங்கே நன்றாக ஓடி, மெய்நிகர் உபுண்டுவில் மட்டும் சாகிறது என்றால் கேபிளும் கருவியும் குற்றமற்றவை. இந்தச் சோதனையைச் செய்ய அலுத்துக்கொள்பவர்கள்தான் பிறகு நாள் முழுக்க அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் படி: கேபிள், துளை, மின்சாரம்

செல்போன் சார்ஜரோடு வந்த கேபிள்களில் சிலவற்றில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா கம்பிகள் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் தெரியாது. வேறு கருவியில் கோப்பு நகலெடுத்துச் சோதித்த கேபிளையே எடுங்கள். யூஎஸ்பி 2.0-க்குக் கேபிள் நீளத்தின் எல்லை 5 மீட்டர். குறுகிய கேபிள் கையில் இருந்தால் அதுவே நல்லது.

யூஎஸ்பி 2.0 துளை ஒரு கருவிக்குத் தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 துளைக்கு அது 900. தனியாக அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு கருவிகளைச் செருகினால் இந்த 500-ஐத்தான் நான்கும் பங்குபோட்டுக்கொள்ளும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து சர்வோ மோட்டாரை ஓட்டுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மோட்டார் திரும்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து போர்டு தானாக ரீசெட் ஆகும். கெஸ்ட்டில் பார்த்தால் “யூஎஸ்பி கிராஷ்” போலவே தெரியும். மோட்டார் கம்பியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அறுவது நின்றுவிட்டால் மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணைத்துவிடுங்கள். அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: அறும் நொடியை இரண்டு பக்கமும் நின்று பாருங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஹோஸ்ட்டில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வையுங்கள். கெஸ்ட்டில் ஒரு டெர்மினல் திறந்து எஸ்யூடிஓ, இடைவெளி, டிஎம்இஎஸ்ஜி, பிறகு இடைவெளி விட்டு ஹைஃபன் டபிள்யூ என்று கொடுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிவு வரிவரியாக ஓட ஆரம்பிக்கும். இரண்டு சாளரங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, கருவியை இணைத்துக் கோளாறை வேண்டுமென்றே வரவழையுங்கள்.

கருவி கெஸ்ட்டின் கையில் இருக்கும்வரை விண்டோஸில் அதன் காம் போர்ட் எண் (சீரியல் இணைப்புக்கு விண்டோஸ் வைக்கும் பெயர்) மறைந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் விர்ச்சுவல்பாக்ஸ் யூஎஸ்பி என்ற பெயர் தெரியும். அறுந்த நொடியில் என்ன ஆகிறது? காம் போர்ட் மறுபடி விண்டோஸில் முளைத்தால், கருவி சாகவில்லை, ஹோஸ்ட்டிடம் திரும்பிவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை என்றால் கருவியோ கேபிளோ மின்சாரமோதான். ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் பெயர் அப்படியே நிற்க, கெஸ்ட்டில் மட்டும் காணோம் என்றால் நடுவில் இருக்கும் போலி கன்ட்ரோலரிலோ கெஸ்ட் டிரைவரிலோ சிக்கல்.

டிஎம்இஎஸ்ஜி வரிகளில் பிழை எண்களும் வரும். -110 என்றால் கேட்ட கேள்விக்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை. -71 என்றால் யூஎஸ்பி நெறிமுறைப் பிழை, அதாவது வந்த பதில் ஒழுங்காக இல்லை. உண்மையான வன்பொருளில் ஓடும் லினக்ஸில் -71 வந்தால் முதலில் கேபிளைச் சந்தேகிப்பது வழக்கம். -32 என்றால் கருவியே அந்தக் கோரிக்கையை மறுத்துவிட்டது. -19 என்றால் கருவியே அங்கு இல்லை. மெய்நிகர்க் கணினிக்குள் இந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. கெஸ்ட்டுக்குக் கம்பி தெரியாது, விர்ச்சுவல்பாக்ஸ் சொல்வதுதான் தெரியும். எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தச் செயலுக்குப் பிறகு வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாட்சியும் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் மேலாளரில் அந்தக் கணினியின்மேல் வலச்சொடுக்கி ஷோ லாக் என்பதைத் திறந்து, வி என்ற எழுத்தில் தொடங்கும் வியூஎஸ்பி என்ற சொல்லைத் தேடுங்கள். எந்தக் கருவி எந்தப் போலித் துளையில் எந்த வேகத்தில் இணைந்தது, எப்போது விலகியது என்று நேரத்தோடு எழுதியிருக்கும்.

நான்காம் படி: கருவி வேறு பெயரில் திரும்பி வருகிறதா?

ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் இரண்டு அடையாள எண்களைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறது. ஒன்று தயாரிப்பாளரின் எண், மற்றொன்று பொருளின் எண். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்தால் நடுவில் முக்காற்புள்ளி இட்டு இரண்டையும் காட்டும்.

ஆர்டுயினோ லியோனார்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஓடும்போது அது 2341:8036. அப்லோடு அழுத்தியதும் ஐடிஇ அந்த சீரியல் போர்ட்டை 1200 பாட் வேகத்தில் திறந்து மூடுகிறது. அது ஒரு சைகை. அதைக் கண்டதும் போர்டு தன்னை ரீசெட் செய்துகொண்டு, புதிய நிரலை வாங்கிக்கொள்ளும் பூட்லோடராக மறுபிறவி எடுக்கிறது. அப்போது அதன் எண் 2341:0036. கணினியைப் பொறுத்தவரை பழைய கருவி போய்விட்டது, புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது. வந்த புதியவர் ஏறத்தாழ 8 நொடிகள்தான் காத்திருப்பார். அதற்குள் நிரல் வரவில்லையென்றால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுவார்.

நீங்கள் கெஸ்ட்டுக்கு ஒப்படைத்தது 8036-ஐ மட்டும். 0036 விண்டோஸிடம் போய் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஐடிஇ போர்ட்டைக் காணோம் என்று தேடித் தேடிக் கைவிடுகிறது. இது கிராஷே இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு அச்சு அசலாகக் கிராஷ்தான். ஊனோ ஆர்3 போர்டில் இந்தச் சிக்கல் வராது. அதில் யூஎஸ்பி பேசுவதற்கென்றே தனிச் சில்லு இருப்பதால், முதன்மைச் சில்லு ரீசெட் ஆனாலும் யூஎஸ்பி இணைப்பு நிலைத்திருக்கும். “ஊனோ ஏறுகிறது, லியோனார்டோ மட்டும் ஏறவில்லை” என்று யாராவது சொன்னால் வேறு கேள்வி கேட்காமல் இந்தப் படிக்கு வந்துவிடலாம். ஆண்ட்ராய்டு போன் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போகும்போதும், ராஸ்பெரி பை பிகோ பூட்செல் நிலையிலிருந்து மைக்ரோபைத்தானுக்கு மாறும்போதும் நடப்பது இதே கூத்துதான்.

தீர்வு ஃபில்டர், அதாவது எந்தக் கருவி வந்தால் தானாகவே கெஸ்ட்டிடம் கொடுக்க வேண்டும் என்ற விதி. கணினியின் செட்டிங்ஸில் யூஎஸ்பி பகுதிக்குப் போய், கருவி இணைந்திருக்கும்போதே அதற்கு ஒரு ஃபில்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாக் கட்டங்களையும் தானே நிரப்பிவிடும்: தயாரிப்பாளர் எண், பொருள் எண், ரிவிஷன், பெயர், சீரியல் எண். அங்கேதான் வினை. அத்தனையும் பொருந்தினால்தான் அந்த ஃபில்டர் வேலை செய்யும், மாறிவந்த கருவிக்குப் பொருள் எண் போன்றவை பொருந்தாது. ஃபில்டரைத் திருத்தி, தயாரிப்பாளர் எண்ணான 2341-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றக் கட்டங்களைக் காலியாக்குங்கள். காலிக் கட்டம் என்றால் எதுவாயினும் சரி என்று பொருள். எல்லாக் கட்டங்களையும் காலியாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் செருகுகிற ஒவ்வொரு கருவியும், வெளியே இணைத்த மவுஸ் உட்பட, கெஸ்ட்டுக்குள் இழுத்துக்கொள்ளப்படும்.

ஃபில்டர் போட்டபின் கருவியைக் கழற்றி மறுபடி செருகுங்கள். ஏற்கெனவே இணைந்திருக்கும் கருவியை அது தேடிப் பிடிக்காது, புதிதாக வருவதைத்தான் பிடிக்கும். முதல் அப்லோடு அப்போதும் தோற்கலாம். 0036-ஐ முதன்முறை பார்க்கும் விண்டோஸ் அதற்கு டிரைவர் அமைத்து முடிப்பதற்குள் அந்த 8 நொடிகள் தீர்ந்துபோயிருக்கும். இன்னொரு முறை முயலுங்கள். அப்போதும் நழுவினால், ஐடிஇ அப்லோடைத் தொடங்கும் கட்டத்தில் போர்டின் ரீசெட் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

ஐந்தாம் படி: போலி கன்ட்ரோலரின் வகை

செட்டிங்ஸில் அதே யூஎஸ்பி பகுதியில் 1.1, 2.0, 3.0 என்று மூன்று தேர்வுகள். கெஸ்ட்டை முழுதாக அணைத்தால்தான் மாற்ற முடியும், நிலையைச் சேமித்து மூடியிருந்தால் போதாது. 1.1-ஐத் தேர்ந்தால் வேகமான கருவிகள் இணையவே மறுக்கும், போர்ட் இல்லை என்ற பிழை வரும். புதிய உபுண்டு, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கு 3.0 பொருத்தம். கெஸ்ட் விண்டோஸ் 7 என்றால் 2.0-ஐ வைத்துக்கொள்ளுங்கள், அதில் 3.0-க்கான டிரைவர் உடன்வருவதில்லை. சில கருவிகள் 3.0-இல் திணறி 2.0-இல் அமைதியாக ஓடும். மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதால் காரணம் புரியாத இடத்திலும் இதைச் செய்துபார்ப்பது தவறில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்தைய பதிப்பு என்றால் 2.0, 3.0 இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு தனியாக வேண்டும். அதன் பதிப்பு எண்ணும் விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 2022-இல் வந்த 7.0 முதல் இவை அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டன. அலுவலகக் கணினியில் எக்ஸ்டென்ஷன் பேக் போடுவதற்கு முன் அதன் உரிமத்தைப் படித்துவிடுங்கள், அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம்.

மெய்நிகர்க் கணினிச் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்றும் பாருங்கள். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருப்பதால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன்மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். -110 அடிக்கடி வருகிறவர்கள், ஹைப்பர்-வியும் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியும் தங்களுக்குத் தேவைதானா என்று யோசிக்கலாம். இரண்டாவது பாதுகாப்புக்கானது, சோதித்தபின் மறுபடி இயக்கிவிடுவது நல்லது.

ஆறாம் படி: ஹோஸ்ட்டில் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள்?

“முந்தைய கோரிக்கையில் மும்முரமாக இருக்கிறது” என்ற பொருளில் பிழை வந்தால், விண்டோஸில் வேறொரு நிரல் கருவியை விடாமல் வைத்திருக்கிறது. திறந்துகிடக்கும் சீரியல் மானிட்டர், போன் ஒத்திசைவு மென்பொருள், பென் டிரைவைத் துழாவும் ஆன்டிவைரஸ் என்று பட்டியல் நீளும். மெய்நிகர்க் கணினிகளை ஓட்டும் இன்னொரு மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் அதே கணினியில் இருந்தால் அதன் யூஎஸ்பி ஆர்பிட்ரேஷன் சர்வீஸை சர்வீசஸ் சாளரத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரே கருவிக்கு இரண்டு பேர் கை நீட்டினால் எப்படி?

சும்மா இருக்கும்போது மட்டும் அறுந்தால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள டிக்கை எடுங்கள். கெஸ்ட்டில் உள்ள லினக்ஸும் தன் பங்குக்குத் தூங்கவைக்கப் பார்க்கும், அதன் இயல்பான காத்திருப்பு 2 நொடி.

ஏழாம் படி: கெஸ்ட்டுக்குள் இருக்கும் வேண்டாத விருந்தாளிகள்

சிஎச்340 சில்லு உள்ள மலிவு விலைப் போர்டு, கெஸ்ட் உபுண்டு 22.04 என்றால் இந்தக் காட்சியை டிஎம்இஎஸ்ஜியில் பார்க்கலாம். போர்டு டிடிஒய்யூஎஸ்பி0 என்ற சீரியல் போர்ட்டாக இணைந்ததாக ஒரு வரி. உடனே அடுத்து பிஆர்எல்டிடிஒய் என்ற பெயரோடு ஒரு வரி. உடனே துண்டிப்பு. பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான சேவை. அந்தக் கருவிகள் சிலவற்றுக்கும் இந்தச் சில்லுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால், ஆர்டுயினோவைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பை ஏபிடி மூலம் நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறவர்கள் நீக்க வேண்டாம், போர்டை மாற்றுவதே எளிது.

மோடம்மேனேஜர் இன்னொருவர். புதிதாக வரும் சீரியல் போர்ட்டைத் திறந்து “நீ மோடமா?” என்று விசாரிப்பது அதன் பழக்கம். பழைய பதிப்புகளில் லியோனார்டோ போன்ற போர்டுகள் இந்த விசாரணையில் மாட்டிக்கொண்டு சில நொடிகள் பூட்டப்பட்டுக் கிடக்கும். மெய்நிகர்க் கணினிக்குள் மோடம் வைத்திருப்பவர் அபூர்வம், அந்தச் சேவையை நிறுத்திவிடலாம். அனுமதி மறுக்கப்பட்டது என்ற பிழை மட்டும் வந்தால் அது கிராஷ் வகையே அல்ல. உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

எதுவும் சரிவரவில்லையா?

எல்லாக் கருவியையும் முழுதாக உள்ளே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வெப்கேம் என்றால் யூஎஸ்பி பட்டியலில் தேர்ந்தெடுக்காமல், டிவைசஸ் மெனுவில் வெப்கேம்ஸ் என்று தனியாக உள்ளதைப் பயன்படுத்துங்கள். இதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் வேண்டும். ஒளியும் ஒலியும் இடைவிடாமல் நேரம் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டியவை, போலி கன்ட்ரோலர் வழியாக அவை திக்குவது வழக்கம். பென் டிரைவில் உள்ள கோப்புகள்தான் வேண்டும் என்றால் ஷேர்டு ஃபோல்டர் போதும். சென்சார் தரும் எண்களைப் படிக்க மட்டும் வேண்டுமென்றால், செட்டிங்ஸின் சீரியல் போர்ட்ஸ் பகுதியில் ஹோஸ்ட் டிவைஸ் என்று தேர்ந்து விண்டோஸின் காம் எண்ணைக் கொடுங்கள். யூஎஸ்பி வம்பே இல்லாமல் கெஸ்ட்டில் சாதாரண சீரியல் போர்ட்டாகத் தெரியும்.

போர்டில் நிரல் ஏற்றுவதற்கு என் விருப்பம் வேறு. உபுண்டுவில் கம்பைல் செய்து, கிடைக்கும் கோப்பை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து, அப்லோடை விண்டோஸிலிருந்தே செய்துவிடுவேன். அழகான வழியில்லை. ஆனால் தேர்வுக்கு முந்தின இரவு அது கைவிடாது.

ஹோஸ்ட் லினக்ஸாக இருந்து, லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. ஒரு கருவியை மட்டும் அனுப்பாமல் யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றையே முழுதாகக் கெஸ்ட்டுக்குக் கொடுத்துவிடலாம். பெயர் மாறி மாறி வரும் கருவியானாலும் அந்தத் துளையில் செருகும் எதுவும் நேராக உள்ளேதான் போகும். பயாஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யூ வசதியை இயக்கியிருக்க வேண்டும். கீபோர்டும் மவுஸும் அதே கன்ட்ரோலரில் தொங்கிக்கொண்டிருக்கின்றனவா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், கெஸ்ட்டின் நிலையைச் சேமிக்கும் முன்னும் ஸ்னாப்ஷாட் எடுக்கும் முன்னும் டிவைசஸ் மெனுவில் கருவியின் டிக்கை எடுத்துவிடுங்கள். பென் டிரைவானால் அதற்கும் முன் கெஸ்ட்டுக்குள் இஜெக்ட் கொடுங்கள்.